கண்புரை வைத்தியத்தில் மேற்பயிற்சி

உடலுறுப்புக்கள் பலவற்றுள்ளும் கண் தலைமை வாய்ந்தது என்பது யாவரும் அறிந்ததே. பார்வையிழந்த முதியவர் ஒருவர் தம் வீட்டிலேயே வேற்றாள்போல் ஆகிவிடுகின்றார். அவரைக் கைப்பிடித்து நடத்தும்பொருட்டுப் பேரப்பிள்ளை ஒன்று பள்ளி செல்லாது நின்றுவிடுவதும் உண்டு. இங்ஙனம் ஒரு குடும்பத்தில் இருவருடைய வாழ்வை ஒருங்கே தடைசெய்யும் நோய்களுள் முதன்மையானது கண்புரை. 2015 முதல் 2019 வரை இந்திய நாட்டில் நடைபெற்ற தேசீய ஆய்வின்படி, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் குருடரானோரில் நூற்றுக்கு 66.2 பேர் இந்நோயினாலேயே அந்நிலையை அடைந்தனர். இத்துணைப் பெரிய துன்பம், தேர்ந்த கையொன்றினால் அரை மணி நேரத்திற்குள் நீக்கப்படத்தக்கது என்பதே இதன்கண் உள்ள வியப்பு. அக்கை எங்ஙனம் தேர்ச்சி பெறுகின்றது? கண் வைத்தியத்தில் பட்டம் பெற்ற இளைஞர் மேற்பயிற்சிக்குரிய இடத்தை எவ்வாறு தேர்ந்துகொள்ளல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வைத்தியம் பயிலும் மாணாக்கரேயன்றி, தம் பெற்றோரை ஒருநாள் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டியவர்களும் இதனை அறிந்திருத்தல் நன்று.

நோயும் சிகிச்சையும்

கண்ணினுள், கருவிழியின் பின்னே, தெளிந்த வில்லை ஒன்று மெல்லிய உறையினுள் அமைந்துள்ளது. வெளியினின்று வரும் ஒளியை விழித்திரையின்மேல் குவியச் செய்வது அதன் தொழில்களுள் ஒன்று. முதுமையினாலும், அடிபடுதலாலும், நீரிழிவினாலும், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளுதலாலும் அவ்வில்லை தெளிவிழந்து கலங்குகின்றது. அக்கலக்கமே புரை எனப்படுவது. கலங்கிய வில்லையை மீண்டும் தெளியச் செய்யும் மருந்து யாதும் இல்லை. அதனை அகற்றுதலே வழி.

பண்டைக் காலத்து வைத்தியர் கூரிய கருவியால் அவ்வில்லையைப் பார்வையின் வழியினின்று ஒதுக்கித் தள்ளினர். சுச்ருதர் பெயரால் வழங்கும் நூல் இம்முறையைக் கூறுகின்றது. 1747-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வைத்தியராகிய ஜாக் டேவியேல் என்பார் வில்லையைக் கண்ணினின்றும் வெளியே எடுக்கும் முறையைக் கைக்கொண்டார். அகற்றிய வில்லைக்கு மாற்று இல்லாமையால் நோயாளிகள் தடித்த கண்ணாடி அணிந்து காலங்கழித்தனர். 1949-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் லண்டன் மாநகரத்து செயின்ட் தாமஸ் வைத்தியசாலையில் ஹரால்டு ரிட்லி என்பார் செயற்கை வில்லையைக் கண்ணினுள்ளேயே பொருத்தினார். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சார்லஸ் கெல்மன், செவிக்கெட்டா ஒலியதிர்வினால் வில்லையை நொறுக்கி உறிஞ்சும் பேக்கோ முறையை வகுத்தார். 1992-ஆம் ஆண்டில் மதுரையில் தோன்றிய ஆரோலாப் தொழிற்சாலை, செயற்கை வில்லையைக் குறைந்த விலையிற் செய்து ஏழைகளுக்கும் எட்டச் செய்தது. முறைகள் மாறினும், கருவிகள் பெருகினும், இச்சிகிச்சையின் வெற்றி இன்றும் வைத்தியருடைய கையையும், அக்கையை ஏவும் அறிவையும் சார்ந்தே நிற்கின்றது.

பட்டத்தின் பின்னும் பயிற்சி எதற்கு?

எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற ஒருவர் கண் வைத்தியத்தில் எம்.எஸ். அல்லது டி.என்.பி. பட்டத்தின்பொருட்டு மூன்றாண்டுகள் பயில்கின்றார். அதன்பின் புரை நீக்கும் சத்திரசிகிச்சையைத் தாமே செய்வதற்குச் சட்டம் யாதொரு தடையும் விதிப்பதில்லை. ஆயினும் சட்டம் தரும் உரிமை வேறு, கை பெற்றிருக்கும் தகுதி வேறு. நம் நாட்டில் ஒரு கல்லூரி மாணாக்கருக்கும் மற்றொரு கல்லூரி மாணாக்கருக்கும் இடையே இவ்விஷயத்தில் வேற்றுமை பெரிது. ஒருவர் மூன்றாண்டில் சில நூறு கண்களுக்குத் தம் கையாலேயே சிகிச்சை செய்து வெளிவருகின்றார். மற்றொருவர் பெரும்பாலும் ஆசிரியர் அருகில் நின்று உதவி புரிந்தே காலத்தைக் கழித்துவிடுகின்றார். இருவரும் பெறுவது ஒரே பட்டம்.

பிற நாட்டார் இதனை எண்ணிக்கையால் வரையறுக்க முயன்றுள்ளனர். ஐக்கிய அமெரிக்க நாட்டில் கண் வைத்தியப் பயிற்சியை முடிக்கும் ஒருவர் முதன்மை வைத்தியராக நின்று குறைந்தது 86 புரை சிகிச்சைகளேனும் செய்திருத்தல் வேண்டும். பிரிட்டனில் இவ்வெண்ணிக்கை 350. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தூரமே, எத்தனை போதும் என்பதற்கு முடிவான விடை இல்லை என்பதைக் காட்டும்.

இக்குறையை நிரப்பும்பொருட்டுப் பெரிய கண் வைத்தியசாலைகள் ஏற்படுத்தியுள்ள மேற்பயிற்சியே பெல்லோஷிப் எனப்படுவது. சில மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் வரை அது நடைபெறும். 1976-ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கப்பெற்ற அரவிந்த் கண் வைத்தியசாலையும், 1978-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய சங்கர நேத்ராலயமும், 1987-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற எல்.வி. பிரசாத் கண் நிலையமும் இத்தகைய பயிற்சி அளிப்பவற்றுள் பெயர் பெற்றவை. இவையன்றித் தனியார் நிலையங்களும் மிஷன் வைத்தியசாலைகளும் பல உள. இடங்கள் பலவாதலின் தேர்வும் அரிதாகின்றது. இளைஞர் பெரும்பாலும் நிலையத்தின் புகழை நோக்கி விண்ணப்பம் செய்கின்றனர். அது முற்றும் பிழையன்று. ஆனால் புகழ், கையைப் பயிற்றுவதில்லை.

யாருக்குச் சிகிச்சை செய்யப்போகின்றோம்?

நிலையத்தைத் தேடுமுன் இளைஞர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய வினா ஒன்று உண்டு. 'இன்னும் ஐந்தாண்டுகள் கழித்து என் மேஜையின்மேல் படுத்திருக்கப்போகும் நோயாளி யார்?' என்பதே அது. பெருநகரத்தில் தொழில் நடத்த விரும்புவோரிடம் புரை முற்றுமுன்னரே, வாசிப்பதற்குச் சற்றே இடையூறு நேர்ந்தவுடன், நோயாளிகள் வருவர். தாலூகா நகரத்திலோ சிற்றூரிலோ பணிபுரிவோரிடம் வருபவர் நிலை வேறு. புரை வெண்மையாய் முற்றியவரும், பழுப்பேறிக் கல்போல் இறுகியவரும், மற்றொரு கண்ணை முன்னமே இழந்தவரும், பாவை விரியாதவரும் அங்கே மிகுதி. வில்லையின்மேல் வெண்பொடி போன்ற பொருள் படிந்து, அதனைத் தாங்கும் நுண்ணிழைகள் தளர்ந்துபோன முதியோரும் தென்னிந்தியாவில் காணப்படுகின்றனர். இவர்களுக்கு வேண்டிய கைத்திறம் ஒன்று, நகரத்தார்க்கு வேண்டிய கைத்திறம் வேறொன்று. தாம் செல்லும் வழியை முடிவு செய்யாமல் பயிற்சியைத் தேடுபவர், ஊரை அறியாது வண்டியேறினவரை ஒப்பர்.

இரண்டு முறைகள்

இந்நாளில் புரை நீக்கப் பயன்படும் முறைகள் முக்கியமாக இரண்டு. முதலாவது, பேக்கோ முறை. இதில் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளையின் வழியே கருவியைச் செலுத்தி, வில்லையை உள்ளேயே நொறுக்கி உறிஞ்சிவிடுவர். மடக்கத்தக்க செயற்கை வில்லையை அத்துளையின் வழியே உட்செலுத்துவர். இரண்டாவது, கையினாற் செய்யும் சிறு கீறல் முறை. இதில் வெண்விழியில் 6 அல்லது 7 மில்லிமீட்டர் அகலமுள்ள சுரங்கம் போன்ற வழியமைத்து, வில்லையின் கருவை முழுமையாக வெளிக்கொணர்வர். அவ்வழி தானே மூடிக்கொள்ளுமாறு அமைந்திருத்தலின் பெரும்பாலும் தையல் வேண்டுவதில்லை. இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை.

பேக்கோ முறையே நாகரிகமானது என்றும், மற்றது ஏழைகளுக்குரிய தாழ்ந்த முறை என்றும் எண்ணுவோர் உளர். ஆராய்ச்சிகள் அவ்வாறு கூறவில்லை. நேபாள நாட்டில் 108 நோயாளிகளிடத்து, இரண்டு முறைகளிலும் தேர்ந்த வைத்தியர்களைக் கொண்டு செய்து 2007-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஆராய்ச்சியில், ஆறு மாதங்கள் கழிந்தபின் தக்க கண்ணாடியுடன் 6/18 அல்லது அதனினும் நல்ல பார்வை பெற்றோர் இருசாராரிலும் நூற்றுக்கு 98 பேர். கைமுறைக்குச் சராசரி 9 நிமிஷமும் பேக்கோவிற்கு 15.5 நிமிஷமும் ஆயின. அங்கே நோயாளிகள் பெரிதும் முற்றிய புரையுடையவர்கள் என்பதையும் கருதல் வேண்டும். மறுபுறம், பேக்கோவின் துளை சிறிதாதலின் கருவிழியின் வளைவு மாறுபடுதல் குறைவு. கண்ணாடியின்றியே தெளிவாய்ப் பார்க்க விரும்புவோர்க்கு அது பெருநன்மை. ஆதலின் இரண்டில் ஒன்றை இகழ்தல் அறிவுடைமையாகாது.

பயில்வோரைப்பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. மதுரை அரவிந்த் வைத்தியசாலையில் தொடர்ச்சியாக நடைபெற்ற 79,777 சிகிச்சைகளை ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், பயிற்சி நிலையில் உள்ளவர்களுடைய கையில் பேக்கோ முறையே சிறு கீறல் முறையினும் மிகுதியான இடையூறுகளை விளைவித்தது என்பது தெரியவந்தது. ஆகவே பேக்கோவை மட்டும் கற்பிப்பதாக விளம்பரம் செய்யும் இடத்தை நாடுமுன் இளைஞர் சற்றே தயங்குதல் நலம். பேக்கோ செய்யுங்கால் புரை கடினமாக இருப்பினும், இயந்திரம் பழுதுறினும், கைமுறைக்கு மாறிக் கண்ணைக் காப்பாற்ற வல்லவரே முழுமையான புரை வைத்தியர். இரண்டையும் கற்பிக்கும் இடமே, பிற யாவும் ஒத்திருப்பின், மேலானது.

கேட்டறிய வேண்டியவை

நிலையமொன்றை நாடுவோர் அதன் தலைவரிடத்தும், அங்கே அப்போது பயின்றுகொண்டிருப்போரிடத்தும், அண்மையில் பயின்று வெளிச்சென்றோரிடத்தும் கேட்டறிய வேண்டியவை ஐந்து.

முதலாவது, எண்ணிக்கை. 'இங்கே ஆண்டொன்றுக்கு எத்தனை சிகிச்சைகள் நடைபெறுகின்றன?' என்று கேட்பதாற் பயன் சிறிது. 'பயில்வோர் ஒருவர் முதற்கீறல் தொடங்கிச் செயற்கை வில்லையைப் பொருத்திக் கண்ணை மூடும் வரை தாமே செய்தவை எத்தனை?' என்று கேட்டல் வேண்டும். உறையை வட்டமாகத் திறத்தல், நீரால் வில்லையைப் பிரித்தல், கருவை அகற்றல், எஞ்சிய பகுதியை உறிஞ்சுதல் எனப் படிகள் பல. ஒரு படியை மட்டும் செய்தவர் பெயரிலும் அக்கண் கணக்கெழுதப்படுவதுண்டு. எனவே எண்ணிக்கையின் உட்பொருளை ஆராய்தல் வேண்டும். அவ்வெண்ணிக்கை ஆண்டு முழுதும் பரவி நிகழ்கின்றதா, கண் முகாம் நடைபெறும் மாதங்களில் மட்டும் குவிந்து, மற்ற மாதங்களில் கை ஓய்ந்திருக்கின்றதா என்பதும் நோக்கத்தக்கது. பழக்கம் விட்ட கை பின்வாங்கும்.

இரண்டாவது, மேற்பார்வை. ஆசிரியர் அருகிலேயே இருந்து, மைக்கிராஸ்கோப்பின் இரண்டாவது குழல் வழியே பயில்வோர் செய்வதைக் காண்கின்றாரா, வேறு மேஜையில் தம் வேலையில் ஈடுபட்டிருந்து அழைத்தால் மட்டும் வருகின்றாரா என்பதை அறிதல் வேண்டும். சிகிச்சையைப் படமெடுத்து, மாலையில் மாணாக்கருடன் அமர்ந்து பிழைகளை எடுத்துரைக்கும் வழக்கம் உண்டாயின் அது மிக நன்று. படிதோறும் மதிப்பிடுவதற்கென்றே சர்வதேசக் கண் வைத்திய சபையார் அளவைத் தாள் ஒன்று வகுத்துள்ளனர். அதனையோ அதனைப் போன்றதொன்றையோ கையாளும் இடத்தில் பயிற்சி ஒழுங்காக நடைபெறும் என்று நம்பலாம். நோயாளியின் கண்ணைத் தொடுமுன் ஆட்டுக்கண்ணிலோ இயந்திரப் பாவனைக் கருவியிலோ பழகுதற்கு இடமிருக்கின்றதா என்பதையும் விசாரித்தல் வேண்டும். பிரிட்டனில் பாவனைக் கருவியிற் பழகும் வாய்ப்பு ஏற்பட்டபின், பயிற்சியின் முதலிரண்டு ஆண்டுகளில் உள்ளவர்களின் சிகிச்சைகளில் உறை கிழியும் நிகழ்ச்சி நூற்றுக்கு 4.2-லிருந்து 2.6-ஆகக் குறைந்தது என்று 2020-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. அவ்வேற்றுமைக்குள் எத்தனை மனிதருடைய பார்வை அடங்கியுள்ளது என்பதை எண்ணிப் பார்க்க.

மூன்றாவது, இடையூறுகளை நிர்வகித்தல். வில்லையின் பின்னுறை சிகிச்சையின் இடையே கிழிந்துபோதல் புரை வைத்தியர் யாவரும் அஞ்சும் நிகழ்ச்சி. கிழிந்தால், கண்ணின் பின்னறையிலுள்ள கூழ்போன்ற பொருள் முன்னே வரும். வில்லையின் துண்டு உள்ளே வீழும். பிரிட்டனில் 55,567 சிகிச்சைகளைத் திரட்டி ஆராய்ந்தபோது இது நூற்றுக்கு 1.92 வீதம் நிகழ்ந்ததாகக் கண்டனர். ஆகவே ஆயிரம் சிகிச்சை செய்வார் ஒருவர் ஏறக்குறைய இருபது முறை இதனை எதிர்கொள்ள நேரலாம். பயிற்சிச் சாலையில் இது நேர்ந்தவுடன் ஆசிரியர் கருவியைத் தாமே வாங்கிக்கொள்வாராயின், மாணாக்கர் தம் வாழ்நாளின் மிக அரிய பாடத்தைக் கற்காமலே போய்விடுவர். தொடக்கத்தில் அவ்வாறு வாங்கிக்கொள்ளுதல் நோயாளியின் நலத்திற்கு இன்றியமையாதது. ஆனால் பயிற்சியின் பிற்பகுதியிலேனும், ஆசிரியர் அருகே நிற்க, வெளிவந்த கூழை முறைப்படி வெட்டியகற்றிச் செயற்கை வில்லையைத் தக்க இடத்தில் அமைத்தலை மாணாக்கர் பழகுதல் வேண்டும். ஐந்நூறு எளிய கண்களைச் செய்து இதனை ஒருமுறையும் கையாளாதவரினும், முந்நூறு கண்களைச் செய்து இதனைப் பத்துமுறை கையாண்டவரே தனியே சென்று தொழில் நடத்தத் தகுதியுடையவர்.

நான்காவது, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உள்ளவை. கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்தே செயற்கை வில்லையின் வலிமையைக் கணக்கிடுகின்றனர். நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிழை நேரின், கண்ணாடியின் வலிமை ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் வரை மாறிவிடும். கையின் வேலை குறைவற முடிந்தும், அளவையின் பிழையினால் நோயாளி மங்கலாகவே பார்ப்பார். கிருமிநீக்கமும் அத்தகையதே. கருவிகளையும் நீர்மங்களையும் தூய்மை செய்யும் ஒழுங்கு தவறின், ஒரே நாளில் சிகிச்சை பெற்ற பலர் ஒருங்கே கண்ணிழக்க நேரிடும். அரவிந்த் வைத்தியசாலைகளில் 20 இலட்சம் சிகிச்சைகளை ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தியின்படி, சிகிச்சையின் முடிவில் மாக்ஸிபிளாக்ஸசின் என்னும் மருந்தைக் கண்ணினுள் செலுத்தும் வழக்கத்தால், உட்கண் சீழ்ப்பிடிப்பு நூற்றுக்கு 0.07-லிருந்து 0.02-ஆகத் தாழ்ந்தது. இத்தகைய ஒழுங்குகளை அறியாமல் கைத்திறம் மட்டும் பெற்றவர், பிற்காலத்தில் தமக்கெனச் சாலை அமைக்கும்போது திகைப்பர். ஆதலின் அளவை எடுக்கும் அறையிலும், கருவிகளைத் தூய்மை செய்யும் அறையிலும் பயில்வோர்க்கு நாட்கள் ஒதுக்கப்படுகின்றனவா என்று கேட்க.

ஐந்தாவது, பயனை அளத்தல். சிகிச்சை பெற்றவர் ஒரு மாதம் கழித்து எங்ஙனம் பார்க்கின்றார் என்பதை அந்நிலையம் குறித்து வைக்கின்றதா? அக்குறிப்பு வைத்தியர்தோறும் பிரித்துக் காட்டப்படுகின்றதா? உலக சுகாதார ஸ்தாபனத்தார் முன்பு வகுத்த அளவின்படி, சிகிச்சை பெற்றோர் நூற்றுவரில் 80 பேரேனும், தம்மிடமுள்ள கண்ணாடியுடன், 6/18 பார்வையை அடைதல் வேண்டும். 6/60-க்கும் குறைந்த பார்வையுடன் நிற்போர் ஐவருக்கு மேற்படலாகாது. 2021-ஆம் ஆண்டில் உலக சுகாதார மகாசபையார், பயன்தரும் புரை சிகிச்சை சென்றடைவோர் வீதத்தை 2030-க்குள் 30 புள்ளிகள் உயர்த்த வேண்டுமென்று தீர்மானித்தபோது, செய்த சிகிச்சையை எண்ணாமல் நல்ல பார்வை பெற்றவரையே எண்ணுமாறு வகுத்தனர். தேசங்களை அளக்கும் கோல் இதுவாயின், தனி வைத்தியர் ஒருவரை அளக்கவும் இதுவே தகும். தம் மாணாக்கர் செய்த கண்களின் பயனை எடுத்துக்காட்ட இயலாத நிலையம் எத்துணைப் புகழுடையதாயினும் ஐயத்திற்குரியது.

பொருளும் ஒப்பந்தமும்

பொருள் விஷயத்தைப் பேசாது விடுதல் நேர்மையாகாது. நெடுங்காலப் படிப்பை முடித்து, முப்பது வயதை அணுகிய இளைஞருக்குக் கடனும் குடும்பமும் இருத்தல் இயல்பு. சில நிலையங்கள் பயில்வோர்க்கு மாதந்தோறும் உபகாரச் சம்பளம் அளிக்கின்றன. சில, பயில்வோரிடமிருந்தே கட்டணம் பெறுகின்றன. சில, பயிற்சி முடிந்தபின் குறித்த காலம் அங்கேயே ஊழியம் செய்தல் வேண்டுமென ஒப்பந்தம் எழுதி வாங்குகின்றன. இவற்றுள் எதுவும் தன்னளவிலே குற்றமுடையதன்று. கட்டணம் பெறும் குறுகிய பயிற்சி சில வாரங்களில் குறித்ததொரு குறையை நிரப்புமாயின், அது வீண் செலவாகாது. ஊழிய ஒப்பந்தத்தின் கீழ், திறமையுள்ள மூத்தோர் நடுவில் ஓராண்டு கூடுதலாகப் பணிபுரிதல் உண்மையில் பயிற்சியின் நீட்சியே ஆகும்.

ஆயினும் ஆழமறியாமற் காலை விடலாகாது. ஒப்பந்தத்தாளைக் கையொப்பமிடுமுன் முற்றும் படித்தல் வேண்டும். இடையில் விலகினால் செலுத்தவேண்டிய தொகை யாது? மூலச் சான்றிதழ்களை நிலையத்தாரிடம் ஒப்படைக்க வேண்டுமா? நோயினாலோ, மகப்பேற்றினாலோ, பெற்றோரைப் பேணும் கடமையினாலோ விடுப்பு வேண்டின் அதற்கு இடமுண்டா? இத்தனை கண்கள் என்று வாய்மொழியாகக் கூறப்பட்டது தாளில் எழுதப்பட்டுள்ளதா? பெண் வைத்தியர் தங்கும் இடமும் இரவுக் காவலும் தகுதியாக உள்ளனவா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்ல நிலையத்தார் இவ்வினாக்களுக்கு முகங்கோணாமல் விடையளிப்பர்.

சம்பளம் மிகுதியாகவும் கையில் தரப்படும் கண்கள் குறைவாகவும் உள்ள இடம், சம்பளம் குறைவாகவும் கண்கள் நிறைவாகவும் உள்ள இடம் என இரண்டு எதிர்ப்படின், வீட்டு நிலைமை இடந்தருமாயின் பின்னையதையே கொள்ளுமாறு கூறுவோம். ஈராண்டில் இழக்கும் பொருளைப் பின்னர் ஈட்டிக்கொள்ளலாம். தக்க பருவத்திற் பெறாத கைத்திறத்தைப் பின்னர்ப் பெறுதல் எளிதன்று. நாற்பதாம் வயதில் தமக்கென்று சாலையும் பணியாளரும் அமைந்தபின், மற்றொருவர் முன் மாணாக்கராய் அமர்வதற்கு நேரமும் மனமும் வாய்ப்பது அரிது.

நேரிற் காணல்

விளம்பரத்தாளும் கடிதமும் ஒரு நிலையத்தை முற்றும் காட்டமாட்டா. இயலுமாயின் மூன்று நாட்களேனும் அங்கே சென்று தங்கிப் பார்த்தல் வேண்டும். விடியற்காலையில் சிகிச்சையறை எப்போது தொடங்குகின்றது, எந்த மேஜையில் யார் அமர்கின்றார், இடையூறு நேர்ந்தபோது ஆசிரியர் எவ்வாறு பேசுகின்றார் என்பவற்றை அமைதியாக நோக்குக. ஆசிரியர் மாணாக்கரைப் பலர் முன் இகழ்ந்து பேசும் இடத்தில், மாணாக்கர் தம் பிழைகளை மறைக்கப் பழகுவர். மறைக்கப்பட்ட பிழை மீண்டும் மீண்டும் நிகழும். பிழையை மறைவின்றிக் கூறி அதன் காரணத்தை ஆராயும் வழக்கமுள்ள இடமே பாடசாலை என்னும் பெயருக்கு உரியது.

நோயாளியை நடத்தும் முறையையும் காண்க. கட்டணம் செலுத்துவோர்க்கு மூத்த வைத்தியரும், இலவசமாக வருவோர்க்குப் பயில்வோரும் என்று பிரிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பயில்வோர் யாரேனும் ஒருவர் கண்ணிலேயே பயில வேண்டும் என்பது உண்மை. ஆனால் அக்கண் ஏழையின் கண் என்பதனால் மேற்பார்வை குறையுமாயின், அங்கே கற்கும் கைத்திறத்தோடு கல்நெஞ்சும் கூடவே கற்கப்படும். இலவசப் பிரிவிலும் அதே மேற்பார்வையும், அதே கிருமிநீக்கமும், பயனை அளக்கும் அதே ஒழுங்கும் இருக்கின்றனவா என்று காண்பது, நிலையத்தின் தகுதியை அறியும் உரைகல்லாகும்.

மேற்பயிற்சி எல்லார்க்கும் வேண்டுமோ?

எல்லார்க்கும் வேண்டியதில்லை. பட்டப் படிப்பிலேயே போதிய கண்களைத் தம் கையாற் செய்து, இரண்டு முறைகளிலும் பழகி, தம் பயனைக் கணக்கிட்டு அறிந்தவர்கள், நல்ல மூத்தவர் ஒருவருடன் வைத்தியசாலையொன்றில் பணியேற்றலே போதுமானது. அங்கே ஊதியத்துடன் அநுபவமும் வளரும். கைமுறை நன்கு கைவந்து பேக்கோ மட்டும் வேண்டுவோர்க்குச் சில வாரங்கள் அல்லது மாதங்கள் நடைபெறும் குறுகிய பயிற்சி ஏற்றது. விழித்திரையையோ கருவிழியையோ தனித்துறையாகக் கொள்ள விரும்புவோர், புரைக்கென ஈராண்டு செலவிடுமுன் அத்துறைப் பயிற்சியினுள்ளேயே புரை சிகிச்சைக்கு எவ்வளவு இடமுண்டு என்று விசாரித்துக்கொள்க. தம் கையால் முழுமையாகச் செய்த கண்கள் மிகச் சில என்று உணர்பவர்களும், தனியே சிற்றூரில் பணிபுரிய விரும்புபவர்களும் நீண்ட பயிற்சியையே நாடுதல் வேண்டும். அருகே உதவிக்கு ஒருவரும் இல்லாத இடத்தில், கைத்திறக் குறைவின் விலையை நோயாளியே செலுத்த நேரிடும்.

இதனை முடிவு செய்ய எளிய வழி ஒன்று உண்டு. இதுகாறும் தாம் செய்த ஒவ்வொரு கண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. முறை யாது, எப்படியில் ஆசிரியர் கைகொடுத்தார், இடையூறு நேர்ந்ததா, ஒரு மாதம் கழித்துப் பார்வை எவ்வளவு என நான்கு கட்டங்கள் போதும். அக்குறிப்பேடு எந்த அறிவுரையாளரையும்விடத் தெளிவாகத் தமக்கு வேண்டியது யாது என்பதைச் சொல்லிவிடும்.

முடிவுரை

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ரசாயனம் பயின்றவராகிய டாக்டர் கோ. வெங்கடசாமி, இளமையிலேயே முடக்குவாதத்தினால் விரல்கள் கோணிப்போனவர். அவ்விரல்களுக்கேற்பக் கருவிகளைப் பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டு கண் வைத்தியரானார். அரசாங்க ஊழியத்தினின்று ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் மதுரையில் கண் வைத்தியசாலை தொடங்கினார். 2006-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அது உலகெங்கும் அறியப்பட்டதாய் விளங்கிற்று. அவர் வரலாற்றினின்று இளம் வைத்தியர் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. பிறவியில் அமைந்த விரலினும் பழக்கத்தால் அமைந்த விரலே நோயாளிக்குப் பயன்படுகின்றது.

ஆகவே, மாணவ நண்பர்களே, சான்றிதழில் பொறிக்கப்படும் பெயரை நோக்கி மட்டும் மேற்பயிற்சியைத் தேராதீர்கள். நீங்கள் யாருக்குத் தொண்டு செய்யப்போகின்றீர்கள் என்பதை முதலில் துணிக. உங்கள் கைக்குக் குறைவது யாது என்பதை அடுத்து அறிக. அக்குறையை, உங்களருகே அமர்ந்து, பொறுமையுடனும் கண்டிப்புடனும் நிரப்பக்கூடிய ஆசிரியர் எங்கிருக்கின்றாரோ அங்கே செல்க. அவ்விடம் பெருநகரத்து மாளிகையாகவும் இருக்கலாம், சிறு நகரத்துப் பழைய கட்டடமாகவும் இருக்கலாம். கட்டு அவிழ்க்கப்படும் காலை வேளையில், எதிரே நிற்கும் பேரப்பிள்ளையின் முகத்தைத் தெளிவாகக் கண்டு பெயர் சொல்லி அழைக்கும் முதியவர், தம் வைத்தியர் எங்கே பயின்றார் என்று கேட்கப்போவதில்லை. ஆயினும் அவர் அடைந்த ஒளி, அவ்வைத்தியர் அன்று செய்த தேர்வின் பயனே ஆகும்.